நிலம் பெருகாது, பங்காளிகள் பெருகுவார்கள்: குடும்ப ரியல் எஸ்டேட் நிறுவனம் தலைமுறை தாண்டுவது எப்படி

தக்கலைக்குப் பக்கம் ஒருவருக்கு 300 சென்ட் தென்னந்தோப்பு இருக்கிறது, மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அவர் காலத்துக்குப் பிறகு தோப்பு நூறு நூறு சென்டாகப் பிரிகிறது. அந்த மூன்று பேருக்கும் மும்மூன்று பிள்ளைகள். பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒன்பது துண்டு, துண்டுக்கு 33 சென்ட். ரோட்டைப் பார்த்த துண்டுக்கு நல்ல விலை வரும். பின்னால் கிடப்பவற்றுக்கு நடைவழிதான் மிச்சம். கல்லும் மணலும் ஏற்றிய லாரி உள்ளே போகாது, வீட்டுக்கடன் கொடுக்க வங்கியும் யோசிக்கும். நிலத்தின் அளவு குறையவே இல்லை, ஆனால் மொத்த மதிப்பு குறைந்துவிட்டது.

அதே 300 சென்ட் ஒரு கம்பெனியின் பேரில் ஒரே நிலமாகக் கிடந்து, ஒன்பது பேரும் கம்பெனியின் பங்குகளை வைத்திருந்தால் கணக்கு வேறு. அகலமாக ரோடு போட்டு அங்கீகார மனையாக விற்கலாம், முன்பகுதியில் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம், விலை வரும்வரை சும்மா வைத்திருக்கவும் செய்யலாம். வருகிற லாபம் பங்குக்கு ஏற்பப் பிரியும். மண்ணைத் துண்டு போடாமல் உரிமையைத் துண்டு போடுவது: குடும்ப ரியல் எஸ்டேட் நிறுவனம் என்பதன் அடிப்படை இவ்வளவுதான். இதைச் சரியாகச் செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும், எங்கே உடையும் என்பதைக் கன்னியாகுமரி மாவட்டத்து நிலைமையை வைத்துப் பார்ப்போம்.

இந்தத் தொழிலில் வருமானம் மூன்று வழியாக வரும். ஒன்று, நிலத்தை வாங்கி விற்பது. இரண்டு, நிலத்தை மனையாகவோ கட்டடமாகவோ மாற்றி விற்பது. மூன்று, விற்காமல் வைத்து வாடகை வாங்குவது. பெரும்பாலான குடும்பங்களில் முதல் தலைமுறை முதலாவதில் தொடங்குகிறது, அடுத்தது இரண்டாவதற்கு நகர்கிறது, மூன்றாவது தலைமுறைக்கு வாடகை தேவைப்படுகிறது. ஒவ்வொரு படிக்கும் வேண்டிய பணமும் வேறு, காகிதமும் வேறு. முந்தின படியின் பழக்கத்தை அடுத்த படிக்குத் தூக்கிக்கொண்டு போவதால்தான் பல குடும்பங்கள் விழுகின்றன.

முதல் படி: நிலமும் முன்னாதாரமும்

தொடங்குபவரிடம் பெரிய பணம் இருக்காது. தரகு வேலை பார்ப்பார், அல்லது அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டு வேறு ஆளுக்குக் கைமாற்றுவார். இந்தக் காலத்தில் அவர் சேர்க்கும் உண்மையான முதல், ‘இவர் காட்டிய நிலத்தில் வில்லங்கம் வராது’ என்ற பெயர். அந்தப் பெயர் நிலைக்க வேண்டுமானால் ஆதாரமும் (நிலத்தின் பத்திரம்) அதற்கு முந்திய பத்திரங்களான முன்னாதாரமும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் அது மற்ற மாவட்டங்களைவிடச் சிக்கலான வேலை.

காரணம் வரலாறு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தவை. பழைய ஆதாரங்கள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டில் இருக்கும். சிங்க (ஆவணி) மாதத்திலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதியானால் கொல்லம் ஆண்டோடு 824-ஐயும், ஜனவரிக்குப் பின் என்றால் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பழைய சர்வே எண் வேறு, ரீசர்வே எண் வேறு. இரண்டும் ஒரே நிலம்தானா என்று எல்லைகளை வைத்து ஒப்பிட வேண்டும். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய ஸ்ரீபண்டாரவகை நிலமாக இருந்ததா, ஜென்மி என்ற பழைய நிலவுடைமையாளருக்கு ஜென்மிகரம் என்ற தொகை கட்டிவந்த நிலமா என்பதையும் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும் ஒழிக்கும் சட்டங்கள் 1964-ல் வந்தன. தேவசம் (கோயில்) நிலமென்றால் யார் பேரில் பட்டா இருந்தாலும் ஒதுங்கிவிடுவதே நல்லது.

அடுத்தது வாரிசு வரிசை. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்கள் சிலவற்றிலும், நாயர், ஈழவர் குடும்பங்களிலும் மருமக்கள் வழி இருந்ததால் பழைய பாகபத்திரங்களில் அக்காள் தங்கை பிள்ளைகள் பங்குதாரர்களாக வருவார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களிலோ, மகள்களை ஒதுக்கிவிட்டு ஆண்மக்கள் மட்டும் பிரித்துக்கொண்ட பாகங்கள் உண்டு. 1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதல் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-தான் பொருந்தும் என்று மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் தீர்ப்பளித்தது. ஆகவே பழைய பாகபத்திரத்தில் மகள் கையெழுத்து இல்லையென்றால் அவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் வாங்காமல் அந்த நிலத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது. மைனர் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்றிருந்தால், பிள்ளை 18 வயது முடிந்து மூன்று ஆண்டுக்குள் அதை எதிர்த்து வழக்குப் போட முடியும். அந்தக் காலம் கடந்துவிட்டதா என்று வயதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணினியில் கிடைக்கும் வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அதற்கு முந்திய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய புத்தகங்களைத் தேடச் சொல்ல வேண்டும். பட்டா, கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டு நகல், நிலத்தின் எல்லை அளவைக் காட்டும் புலப்பட வரைபடம், கடைசித் தீர்வை (நிலவரி) ரசீது நான்கும் ஒரே அளவைச் சொல்கின்றனவா என்று பார்த்த பிறகு சர்வேயரை வைத்து அளக்க வேண்டும். ஆதாரத்தில் 52 சென்ட், பட்டாவில் 50, தரையில் 48 என்று வருவது இங்கே சாதாரணம். விலை பேசும்போது ‘அளவில் உள்ளதுக்குத்தான் பணம்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு இல்லை.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2012 திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி லட்சங்களைக் கொடுப்பது பழைய காலத்து நம்பிக்கை. இன்று அது பணத்தை ஆற்றில் போடுவது. பவர் வாங்கி விற்பதும் அப்படியே. பவர் பத்திரத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்தப் பவரும் போய்விடும்.

300 சென்டின் கணக்கு

வாங்கி விற்பதிலிருந்து மனை போடுவதற்கு மாறும்போதுதான் தொழிலின் உள்கணக்கு தெரியும். தோப்புக்காரர் சென்டுக்கு 2 லட்சம் கேட்கிறார், பக்கத்து லேஅவுட்டில் மனை 4 லட்சத்துக்குப் போகிறது. இரண்டு மடங்கு லாபம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

300 சென்ட் என்பது 3 ஏக்கர், ஏறக்குறைய 12,140 சதுர மீட்டர். ரோட்டுக்கு 28 சதவீதம் என்று எடுத்தால் 84 சென்ட் போகும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் ரோடு நீங்கலான பரப்பில் 10 சதவீதம் பூங்காவுக்கு ஒதுக்க வேண்டும். 216 சென்டில் 21.6. விற்க மிஞ்சுவது 194.4 சென்ட், ஐந்து சென்ட் மனையாக 38. ரோட்டையும் பூங்காவையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

நிலத்தின் விலை 6 கோடி. முத்திரைத்தாள் 7, பதிவுக்கட்டணம் 2, சேர்த்து 9 சதவீதம், 54 லட்சம். 6.54 கோடியை 194.4-ஆல் வகுத்தால் விற்கும் சென்டுக்கு 3.36 லட்சம் வந்துவிட்டது. இது ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு எடுத்த பணம், அங்கீகாரத்துக்கும் விற்பனைக்குமாக இரண்டு ஆண்டு ஆனது என்றால் தனி வட்டியிலேயே இன்னும் 1.57 கோடி. சென்டுக்கு 4.17 லட்சம். இன்னும் ரோடு போடவில்லை, கால்வாய் கட்டவில்லை, மின்கம்பம் நடவில்லை, லாபம் என்ற சொல்லே வரவில்லை. பக்கத்து லேஅவுட்டின் விற்பனை விலையையே தாண்டிவிட்டது.

குடும்ப நிறுவனத்துக்கு உள்ள ஒரே பெரிய சாதகம் இங்கேதான் இருக்கிறது. அப்பா காலத்தில் கடனில்லாமல் வாங்கிப்போட்ட நிலத்துக்கு வட்டி ஓடாது. இரண்டு ஆண்டு தாமதமானால் பொறுமைதான் செலவு. கடன் வாங்கி நிலம் வாங்கும் புதிய ஆளால் இந்தக் குடும்பத்தோடு விலையில் போட்டி போட முடியாது. ஆகவே இருக்கும் நிலத்தை அடமானம் வைத்து வேகமாகப் புதிய நிலம் வாங்குவது, குடும்பத்தின் ஒரே பலத்தை விற்பதற்குச் சமம். எங்கள் கருத்தில் கடன் வாங்க வேண்டிய இடம் கட்டடம். நிலத்தைக் கைப்பணத்தில் வாங்க வேண்டும்.

நிலத்தின் தன்மையும் கணக்கை மாற்றும். வயலைப் பார்த்து மயங்கக் கூடாது. நஞ்சையை வீட்டுமனையாக்க நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி முன் அனுமதி வேண்டும், வேளாண்மைத் துறையின் இசைவும் வேண்டும். கிடைத்தாலும் மண் நிரப்பும் செலவு இருக்கிறது. ஐந்து சென்ட் என்பது 2,178 சதுர அடி. மூன்று அடி உயர்த்த 6,534 கன அடி, அதாவது 65 யூனிட். இறுகும்போது ஐந்தில் ஒரு பங்கு அமுங்கும் என்பதால் 80 யூனிட்டுக்கு மேல் அடிக்க வேண்டும். அப்படி நிரப்பிய இடத்தில் சாதாரண அடித்தளம் போட்டால் சுவர் விரியும். பெரிய சேதம் வேறு: பழையாற்றுப் பாசனத்திலும் பேச்சிப்பாறைக் கால்வாய்களிலும் வயலுக்கு வயல் ஓடும் சிறு ஓடைகள் உண்டு. புலப்படத்தில் உள்ள ஓடையை மூடி ரோடு போட்டால் மேல்மடை நீர் மனைக்குள்தான் வரும். 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் வெள்ளம் புகுந்த இடங்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஒரு லேஅவுட்டில் தண்ணீர் நின்றால், அந்தக் குடும்பத்தின் அடுத்த மூன்று லேஅவுட்டின் விற்பனையும் நிற்கும்.

மலையோரத்தில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமங்களும், தனியார் காடு என்று பட்டியலான நிலங்களும் உண்டு. கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு. குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டமானாலும், தேங்காப்பட்டணம் கடற்கரைத் தோப்பானாலும் அட்வான்ஸ் கொடுக்குமுன் இதை விசாரித்துவிட வேண்டும்.

மனை 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் என்றால், அதாவது 12 சென்டைச் சற்றுத் தாண்டினாலே, ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும். பதியாமல் விளம்பரம் செய்தால் திட்டச் செலவில் 10 சதவீதம்வரை அபராதம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டும், வேலை முடிந்த அளவுக்கு ஏற்பப் பொறியாளர், கட்டடக் கலைஞர், ஆடிட்டர் சான்றோடு எடுக்க வேண்டும். பழைய குடும்பங்கள் பல தடுமாறுவது இந்த இடத்தில்தான். தோட்டியோட்டில் வந்த அட்வான்ஸை வைத்து அஞ்சுகிராமத்தில் நிலம் வாங்கும் பழக்கத்தில் வளர்ந்தவை அவை. அந்த வழி இப்போது அடைபட்டிருக்கிறது, அடைபட்டதும் நல்லதே.

பழைய தலைமுறை அங்கீகாரம் இல்லாமல் விற்ற மனைகளும் குடும்பத்தின் பொறுப்புதான். 2016 அக்டோபர் 20 வரை பதிவான அத்தகைய மனைகளுக்கு 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. அப்பாவிடம் மனை வாங்கியவர் இன்று வீடு கட்ட முடியாமல் வந்து நின்றால், லேஅவுட் வரைபடத்தையும் முன்னாதார நகலையும் எடுத்துக் கொடுத்து உதவுகிற நிறுவனத்துக்குக் கிடைக்கும் பெயரை எந்த விளம்பரமும் தராது.

பெரியவர் போன பிறகு

நிறுவனர் உயில் எழுதாமல் இறந்தால் என்ன ஆகும்? மாவட்டத்தில் மூன்று மதத்தாரும் கலந்து வாழ்வதால் மூன்று சட்டத்தையும் பார்க்க வேண்டும். அவர் சொந்தமாகச் சம்பாதித்த அதே 300 சென்ட். தாயார், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் இருக்கிறார்கள் என்று கொள்வோம்.

இந்துக் குடும்பமானால் ஐந்து பேரும் சமம், ஆளுக்கு 60 சென்ட். கிறிஸ்தவக் குடும்பமானால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு 100 சென்ட். மிச்ச 200 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு 66.67, பிள்ளைகள் இருப்பதால் தாயாருக்கு இல்லை. சுன்னி முஸ்லிம் குடும்பமானால் மனைவிக்கு எட்டில் ஒன்று 37.5, தாயாருக்கு ஆறில் ஒன்று 50, மிச்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்று மகன்களுக்கு 85, 85, மகளுக்கு 42.5.

எந்தக் கணக்கிலும் மகளுக்குப் பங்கு இருக்கிறது. ‘நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று’ என்ற பேச்சு சட்டத்தில் நிற்காது. பங்கு கொடுக்கப்படாத அக்காவின் பெயர் இல்லாமல் போட்ட லேஅவுட், எத்தனை மனை விற்றிருந்தாலும் ஒரு வக்கீல் நோட்டீஸில் நின்றுவிடும். வாங்கியவர்களையும் அது கோர்ட்டுக்கு இழுக்கும். மகள்களுக்கு நியாயமாகப் பங்கு கொடுப்பது அன்பின் காரியமும்தான். தொழிலுக்கும் அதுவே பாதுகாப்பு.

பெரியவர் உயிரோடு இருக்கும்போதே இஷ்டதானமோ (செட்டில்மென்ட்) பாகபத்திரமோ எழுதுவது செலவும் குறைவு, சண்டையும் குறைவு. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட், பாகம், விடுதலைக்கு முத்திரைத்தாள் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக்கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. இது 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட அளவு. வெளி ஆளுக்கு விற்பனை என்றால் 9 சதவீதம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு வேண்டும்.

கூட்டு நிறுவனமா, கம்பெனியா

அண்ணன் தம்பிகள் சேர்ந்து தொழில் செய்யும்போது முதலில் போடுவது கூட்டு நிறுவனம், அதாவது பார்ட்னர்ஷிப். எளிது, செலவு குறைவு. ஆனால் மூன்று பலவீனம். ஒருவர் இறந்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, நிறுவனம் கலைந்துவிடும். நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொருவரின் சொந்த வீடும் பொறுப்பு. நிறுவனத்தைப் பதிவு செய்யவில்லையென்றால் பணம் தராதவர்மேல் வழக்குப் போட முடியாது. தீமையில் பெரியது இன்னொன்று: நிறுவனப் பணத்தில் வாங்கிய நிலத்தைப் பெரியண்ணன் பேரில் பதிந்து வைப்பது. அவர் இருக்கும்வரை ஒன்றுமில்லை. அவர் பிள்ளைகள் ‘ஆதாரம் எங்கள் அப்பா பேரில்’ என்பார்கள். சித்தப்பா பேங்க் கணக்கைக் காட்டுவார். வழக்கு நாகர்கோவிலில் தொடங்கி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இரண்டு இயக்குநர், இரண்டு பங்குதாரர் போதும். பங்குதாரர் 200 பேர்வரை போகலாம். ஆள் இறந்தாலும் கம்பெனி இறக்காது, பங்குகள் வாரிசுக்குப் போகும். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எந்தக் குடும்பத்துக்கும் ஒரே அமைப்பு பொருந்தும். கூட்டு நிறுவனத்துக்கு லாபத்தில் 30 சதவீத வரியும் அதன்மேல் மேல்வரியும். கம்பெனிக்குப் புதிய முறையில் மேல்வரிகள் சேர்த்து 25.17. ஆனால் கம்பெனி லாபத்தை டிவிடெண்டாகப் பிரித்தால் வாங்குபவர் கையில் மறுபடி வரி உண்டு. பங்காளிக்கு அது இல்லை. லாபத்தைத் தொழிலிலேயே போடும் குடும்பத்துக்குக் கம்பெனி, ஆண்டுதோறும் பிரித்து எடுக்கும் குடும்பத்துக்குக் கூட்டு நிறுவனம் என்று தோராயமாகச் சொல்லலாம்.

இங்கே ஒரு பொறி. குடும்ப நிலங்களையெல்லாம் கம்பெனி பேருக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். கம்பெனி குடும்ப உறுப்பினர் அல்ல. 40,000 ரூபாய் உச்சவரம்பு கிடைக்காது; 9 சதவீதம் முழுதாகக் கட்ட வேண்டும், மாற்றிக் கொடுப்பவருக்கு மூலதன ஆதாய வரியும் வரலாம். ஆகவே பழைய நிலங்களை இருக்கிற பேரிலேயே விட்டுவிட்டு, கம்பெனியோடு கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தம் போட்டு இத்தனை சதவீதக் கட்டடப் பரப்பு நிலக்காரருக்கு, மிச்சம் கம்பெனிக்கு என்று செய்வது நடைமுறைக்கு ஒத்தது. இனி வாங்கும் நிலம் ஒவ்வொன்றையும் கம்பெனி பேரில் வாங்க வேண்டும். பதினைந்து இருபது ஆண்டில் சொத்தின் எடை தானாகக் கம்பெனிப் பக்கம் சாய்ந்துவிடும். விவசாய நிலமாகவே வைத்திருந்தால் நில உச்சவரம்புச் சட்டத்தின் 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) வரம்பையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கம்பெனி தொடங்குவது ஆடிட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை. குடும்பம் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டியது, கம்பெனியின் உள்விதிகளான சங்க நடைமுறை விதிகள். ஆயத்த மாதிரியில் கையெழுத்துப் போட்டுவிடுவதுதான் வழக்கம்; அங்கேதான் தவறுகிறது. குறைந்தபட்சம் இவை இருக்க வேண்டும். பங்கை விற்க நினைப்பவர் முதலில் குடும்பத்தாருக்கே விற்க வேண்டும். விலையைச் சண்டை வந்தபின் பேசக் கூடாது; பதிவு பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பிட்டு எழுதி வைக்க வேண்டும். வாங்குபவர் மூன்று ஆண்டுத் தவணையில் கொடுக்கலாம் என்று எழுதினால், ஒருவர் விலகுவதற்காக நிலத்தை அவசரமாக விற்க நேராது. நிலத்தை அடமானம் வைக்க நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். இரண்டு அண்ணன் தம்பி மட்டும் பாதிப் பாதி என்றால் இழுபறி வந்தால் யார் முடிவு செய்வார் என்பதையும் எழுத வேண்டும்.

சம்பளத்தையும் பங்கு லாபத்தையும் கலக்கவே கூடாது. காலையில் சைட்டுக்குப் போய்க் கம்பி கட்டும் ஆட்களோடு நிற்கும் தம்பிக்குச் சம்பளம். சென்னையில் வங்கி வேலையில் இருக்கும் தங்கைக்கு டிவிடெண்ட். தம்பிக்கும் தன் பங்குக்கான டிவிடெண்ட் உண்டு. இப்படிப் பிரிக்காவிட்டால் தம்பிக்கு ‘நான் உழைக்கிறேன், எல்லாரும் தின்கிறார்கள்’ என்றும், தங்கைக்கு ‘எங்கள் பணத்தில் அவன் கார் வாங்கினான்’ என்றும் தோன்றும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, கணக்கு எழுதாததுதான் குறை. கல்யாணச் செலவுக்குக் கம்பெனியிலிருந்து கடனாக எடுப்பதும் ஆபத்து: 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ளவர் கடன் எடுத்தால் கம்பெனியின் சேர்ந்த லாபம்வரை அதை டிவிடெண்ட் என்றே வருமான வரித் துறை எடுத்துக்கொள்ளும்.

பங்குக்கு நாமினி போட்டால் போதும், உயில் வேண்டாம் என்பதும் தவறான எண்ணம். நாமினி முழு உரிமையாளர் ஆகமாட்டார், வாரிசுகளுக்கே உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு பங்குதாரரும் உயில் எழுத வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்

வளைகுடாப் பணம் இல்லாத குடும்பத் தொழில் இந்த மாவட்டத்தில் குறைவு. வெளிநாடுவாழ் இந்தியர் வீடும் கடையும் வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ரப்பர்த் தோட்டத்தை அண்ணன் அனுப்பிய பணத்தில் அண்ணன் பேரிலேயே பதிந்தால் அது அந்நியச் செலாவணிச் சட்ட மீறல். நிலத்தை வாங்கி விற்கும் கூட்டு நிறுவனத்தில் அவர் பங்காளியாக முதல் போடவும் தடை இருக்கிறது. கட்டடம் கட்டும் தொழில் அந்தத் தடைக்குள் வராது. அவருடைய பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றதாக இருப்பது நல்லது, இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அந்தக் கெடு தவறி, கிரயத் தேதி தள்ளிப்போவது அடிக்கடி நடக்கிறது.

வாடகை ஏன் வேண்டும்

மனை விற்பனை ஓர் ஆண்டு ஓடும், இரண்டு ஆண்டு படுக்கும். பங்குதாரர் மூன்று பேராக இருக்கும்வரை அதைத் தாங்கலாம். ஒன்பது பேராகும்போது, அதில் தொழிலில் இல்லாத ஆறு பேருக்கு ஆண்டுதோறும் ஏதாவது வர வேண்டும். வராவிட்டால் ‘என் பங்கை விற்றுக் கொடு’ என்பார்கள். அதனால் ஒவ்வொரு திட்டத்திலும் ரோட்டைப் பார்த்த பகுதியை விற்காமல் கடைகளாக நிறுத்துவது நல்ல பழக்கம். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். கடை வாடகை ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வேண்டும்.

நிலப் பதிவேடு

புதிதாகத் தொடங்கும் குடும்பமானாலும், மூன்று தலைமுறைக் குழப்பத்தில் இருக்கும் குடும்பமானாலும் முதல் வேலை ஒன்றே: எல்லா நிலத்துக்கும் ஒரு பதிவேடு. நிலத்துக்கு ஒரு வரி. ஊர், பழைய சர்வே எண், ரீசர்வே எண், ஆதாரப்படி அளவு, அளந்த அளவு, ஆதாரம் யார் பேரில், பட்டா யார் பேரில், வாங்கிய பணம் யாருடையது, கடைசியாகத் தீர்வை கட்டிய ஆண்டு, வழக்கு உண்டா, அசல் யார் கையில். ‘ஆதாரம் யார் பேரில்’, ‘பணம் யாருடையது’ இரண்டும் ஒத்துப்போகாத வரிகளைச் சிவப்பில் எழுதி, பெரியவர்கள் இருக்கும்போதே பத்திரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும்.

அசல் வங்கியில் இருந்தால் கடன் அடைந்ததும் விட்டுவிடக் கூடாது. கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி அசலைத் திருப்பித் தர வேண்டும், அதன் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அசலை வாங்கிய கையோடு அடமானம் தீர்ந்த ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட வேண்டும். பதியாவிட்டால் கடன் இல்லாத நிலத்துக்கும் வில்லங்கச் சான்றில் அடமானம் நின்றுகொண்டே இருக்கும். அதை நீக்க, கிளை மாறிய வங்கியையும் மாற்றலான மேலாளரையும் தேடி அலைய வேண்டிவரும்.